கௌரவமான நோக்கம்

முகம் முழுக்கச் சோப்பு நுரை ஏறிவிட்டால் ஒரு மனிதன் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவன் என்று யாராலும் சொல்ல முடியாது என்று ராக்கியப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும், ஆகவே மூக்கு வழியாகச் சிரித்தார், ஒரு சிறு குமிழி பறந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டி உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, போத்தனூர் ஸ்டேஷன் ரோட்டில் திருமூர்த்தியின் சலூன், நாற்காலி பின்னால் சாய்ந்திருக்கிறது, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கை இரண்டும் துணிக்குள்ளே காவலில் இருக்கின்றன. எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் முயன்று முடியாமல் போனதை, அதாவது ராக்கியப்பனின் வாயை அடைப்பதை, திருமூர்த்தி ஒரு பிரஷ்ஷால் செய்துவிடுகிறான். எதிரே பலகையில் பவுடர் டப்பாவுக்கும் தண்ணீர் அடிக்கும் குப்பிக்கும் நடுவே அவருடைய செல்போன் மல்லாந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எதுவும் சொல்லவில்லை. இப்போதைக்குச் சொல்லாது, பெரில் மேடம் சர்ச்சில் இருப்பார், பூசை முடிந்து வாசலில் நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசி, கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிச் செல்போனைப் பார்த்தால்தான் உண்டு. பார்த்தால் அங்கே இருக்கும், ராக்கியப்பன் காலையில் டீக்கடை ஓரம் நின்று அனுப்பிய இங்கிலீஷ். அந்தம்மாவின் மகன் கெவின் ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊரில் இருக்கிறான். மம்மி, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆமாவா இல்லையா என்று சொல், நான் டிக்கெட் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்பது இன்றைக்கு. ஆமாவென்று அந்தம்மா சொல்லிவிட்டால் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ராக்கியப்பன் இங்கிலீஷ் படிக்கப் போய் உட்காருகிற நாற்காலி வேறு யாருக்கோ விற்கப்படும். அதற்கு முன்னால் தன் இங்கிலீஷ் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றுதான் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் அனுப்பினார். அனுப்பியதிலிருந்து மனசு ஊர்வலத்துக்கு முதல் நாள் மாதிரி இருக்கிறது. பயம்தான், ஆனால் மேளம் வைத்த பயம்.

“ஏனுங் தோழரே, பொண்ணு பார்த்துட்டு வந்த மாப்பிள்ளையாட்ட அந்தச் செல்லையே பார்த்துட்டு இருக்கறீங்க?” என்றார் பெஞ்சில் இருந்த ஆறுச்சாமி. செய்தித்தாளுக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. ராக்கியப்பனின் உதட்டின் மேல் நுரை. ஆறுச்சாமிக்கும் ராக்கியப்பன் வேலை பார்த்த அதே மில்தான், சங்கம் வேறு. முதலாளி வீட்டுக் காபி மணக்கும் சங்கம் என்று ராக்கியப்பன் மேடை மேடையாகச் சொன்ன சங்கம். வேலைநிறுத்தத்தின்போது பின்வாசல் வழியாக உள்ளே போனவர்களில் ஆறுச்சாமியும் ஒருவர், கேட்டால் எனக்கு முன்வாசல் தூரமுங்க என்பார். இன்றைக்கு மில்லே இல்லை, கேட்டுக்கு உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஆண்டானும் இல்லை அடிமையும் இல்லை, இரண்டு சங்கத்துக்கும் ஆள் இல்லை. பகை மட்டும் மிச்சம். அதையும் விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. “வாயைத் தொறக்க முடியாத நேரம் பார்த்துக் கேக்கறீங்க பாருங்க, நீங்க பின்வாசல் ஆளேதான்” என்று திருமூர்த்தி அவருக்காகப் பதில் சொன்னான். திருமூர்த்திக்கு நாற்பது வயது, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கட்சி. பிளேடை ஒடித்துக் கத்தியில் மாட்டினான். வலது கன்னத்தில் கத்தி இறங்கியது. சர்ரென்று நுரையில் ஒரு சாலை விழுந்து தோல் தெரிந்தது.

அந்தச் செய்தியை இன்னொரு முறை மனசுக்குள் படித்துப் பார்த்தார். டியர் பெரில் மேடம். ஐ ஆம் அலோன். ஐ ஆம் ஆல்சோ லோன்லி. யூ ஆர் சென்சிபிள். யூ ஆர் ஆல்சோ சென்சிட்டிவ். மை இன்டென்ஷன் இஸ் ஹானரரி. கைண்ட்லி கன்சிடர் பிஃபோர் கெவின். கீழே யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, பேர். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. நல்ல துண்டுப் பிரசுரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், பஸ் கிளம்புவதற்குள் படித்து முடிக்கிற மாதிரி. ராக்கியப்பன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், பிரசுரங்களில் படித்து ஆளானவர், காலேஜ் படித்த வக்கீல்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதைப் பத்து வரியில் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு, அதை மறைத்ததும் கிடையாது. இந்தச் செய்தியில் ஒவ்வொரு அடைமொழியும் உரைத்துப் பார்த்து வைத்தது. அலோன் என்றாலும் தனி, லோன்லி என்றாலும் தனி என்றுதான் போன தை மாதம் வரைக்கும் நினைத்திருந்தார். “நோ நோ மேன், அலோன் வந்து தலை எண்ணிக்கை. வீட்ல ஒரு ஆள், அவ்வளவுதான். சந்தோஷமாக்கூட இருக்கலாம். லோன்லி இங்க” என்று சொல்லி அந்தம்மா நெஞ்சைத் தொடவில்லை, வயிற்றைத் தொட்டுக் காட்டினார், பசி எடுத்தவர் காட்டுவது போல. அப்புறம் இன்னொன்றும் சொன்னார். லோன்லி மேன் என்று எழுதலாம், அலோன் மேன் என்று எழுதக் கூடாது, அலோன் என்கிற சொல் பெயருக்கு முன்னால் போய் நிற்காது, பின்னால்தான் நிற்கும். அது ராக்கியப்பனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முன்னால் வரக் கூச்சப்படுகிற சொல். மனைவி பழனியாத்தா போன பிறகு வீட்டில் அவர் அலோன், அது ரேஷன் கார்டே சொல்லும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் காண்டிராக்ட் ஆள் பிடித்துக் கொடுக்கிற மகன் மாதம் ஒரு தடவை போன் பண்ணும்போது மட்டும் அவர் லோன்லி. மற்ற நாளில் அது தெரியாது. தெரியாது என்பதுகூடச் செவ்வாய், வெள்ளி என்று இரண்டு சாயங்காலம் வந்த பிறகுதான் தெரிந்தது, மற்ற ஐந்து நாளும் திடீரென்று நீளமாகிவிட்டன.

சென்சிபிள், சென்சிட்டிவ் இரண்டையும் போட்டது கொஞ்சம் ஐஸ் வைத்ததுதான், ஒத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பொய் இல்லை. வானம் கறுத்தால் குடையை எடுத்துக்கொண்டு போகிறவள் சென்சிபிள், கறுக்கும் முன்னாலேயே முட்டி வலிக்கிறவள் சென்சிட்டிவ் என்று சொல்லிக்கொடுத்தது அந்தம்மாதான், அந்தம்மாவுக்குக் குடையும் உண்டு முட்டி வலியும் உண்டு. கத்தி தாடைக்கு வந்தது. திருமூர்த்தி கட்டைவிரலால் மோவாயைத் தள்ளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான், செல்போன் பார்வையிலிருந்து போய்விட்டது. போனால் போகட்டும். சுவர்ப்பக்கம் கைகழுவும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டு, இடைவெளி, சொட்டு. மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது, இடைவெளி இல்லாமல். விட்டு விட்டு வருவது கன்டினுவல், விடாமல் வருவது கன்டினியுவஸ். ஆக இந்தச் சலூனில் குழாய் கன்டினுவல், விசிறி கன்டினியுவஸ், ஆறுச்சாமியின் வாய் கன்டினியுவஸ், திருமூர்த்திக்குக் கரண்ட் கன்டினுவல். தனக்கு இப்போது இருக்கிற இந்தப் பயம் எது, விட்டு விட்டா, விடாமலா. கவனித்துப் பார்த்தால் விட்டு விட்டுத்தான். கத்தி கன்னத்தில் நடக்கும்போது இல்லை, கத்தியைத் துண்டில் துடைக்க எடுக்கும்போது வருகிறது.

அந்தம்மா ரயில்வே காலனி ஓரத்துச் சந்தில் இருக்கிறார், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், வீட்டுக்காரர் ராட்ரிக்ஸ் ரயிலில் கார்டு வேலை பார்த்தவர், போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. சந்தில் அப்போது தெருவிளக்கு எரியவில்லை, மனுக்கொடுக்க வேண்டும், அந்தம்மாவுக்குத் தமிழ் பேச வரும், எழுதவும் வாசிக்கவும் வராது. யாரோ ராக்கியப்பனைக் கைகாட்டி விட்டார்கள். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, கார்ப்பரேஷனில் அவர் கையெழுத்தைப் பார்த்தாலே சிலருக்குத் தலைவலி வரும். பத்தாம் நாள் விளக்கு எரிந்தது. எவ்வளவு தரணும் என்று அந்தம்மா கேட்டதற்கு, காசு வேண்டாமுங்க, ஒரு சந்தேகம் தீர்த்து வையுங்க போதும் என்றார். ரயட்டஸ் அண்ட் டிஸார்டர்லி பிஹேவியர் என்று அவரை மில்லை விட்டு நீக்கிய உத்தரவில் இருந்தது. வேலையைப் பறித்த இரண்டு வார்த்தை, இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்றால் ஒன்று போதாதா, எதற்கு இரண்டு அடி. அந்தம்மா மேசைத்துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே யோசித்தார். “டிஸார்டர்லின்னா ஒழுங்கு இல்லாதது, இந்தத் துணியாட்டம். ரயட்டஸ் வந்து ஜாஸ்தி சத்தம், ஜாஸ்தி கலாட்டா. ஆனா அது கெட்ட வார்த்தையே இல்ல மேன். எங்க மேரேஜ் பார்ட்டி ரயட்டஸா இருந்துச்சின்னு என் சிஸ்டர் இப்பவும் சொல்லுவா.” இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் ஆணி மாதிரி வைத்திருந்த சொல், கல்யாண வீட்டில் ஆடுகிற சொல்லாம். அப்படியானால் கல்யாண வீடு மாதிரி நடந்துகொண்டான் என்றுதானே என்னை நீக்கியிருக்கிறார்கள் என்றார் ராக்கியப்பன். அந்தம்மா சிரித்தார், அவரும் சிரித்தார், சந்தில் நாய் குரைத்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மனுவுக்கு அடைமொழி, அடைமொழிக்கு மனு. தண்ணீர்க் குழாய், சாக்கடை மூடி, ரேஷன் கார்டில் பெரில் என்பதைப் பேரல் என்று அடித்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு, ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு சாயங்காலம்.

எகனாமிக் வேறு எகனாமிக்கல் வேறு என்பது அப்படி ஒரு சாயங்காலத்தில் வந்தது, வந்தபோது அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். போனஸ் பேச்சுவார்த்தையில் கோட்டுப் போட்டவர்கள் முன்னால் எழுந்து நின்று, அவர் டிமாண்ட்ஸ் ஆர் ஒன்லி எகனாமிக்கல் என்று முழங்கியிருக்கிறார். பொருளாதாரக் கோரிக்கை, அரசியல் இல்லை என்று அர்த்தம் அவர் கணக்கில். எதிரே இருந்த லேபர் ஆபீசர், சிக்கனமான கோரிக்கையா, ரொம்ப சந்தோஷம், இன்னும் கொஞ்சம் சிக்கனம் பண்ணலாமே என்று இங்கிலீஷில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், நல்ல மனநிலையில் இருக்கிறார்கள் என்று நினைத்து ராக்கியப்பனும் கூடச் சிரித்தார். அதுதான் உறுத்தியது. அவர்கள் சிரித்தது உறுத்தவில்லை, தான் கூடச் சிரித்தது. மில்லுக்கு முள்வேலி, அதற்குள்ளே காம்பவுண்டுச் சுவர், அதற்கும் உள்ளே இங்கிலீஷ். வேலியைத் தாண்டினோம், சுவரில் எழுதினோம், மூன்றாவதைத்தான் ஏற முடியவில்லை. இப்போது மில் விழுந்த பிறகு ஏறியிருக்கிறேன், இந்தப் பக்கம் யாரும் இல்லை, ஒரு அம்மா மட்டும் மேசைத்துணியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டபோது திருமூர்த்தி, “மோவாயைக் கொஞ்சம் தூக்குங்ணா” என்றான். தூக்கினார். இனி கழுத்து.

“அட இதைக் கேளுங்க” என்று ஆறுச்சாமி செய்தித்தாளை உதறினார். “கௌரவ விரிவுரையாளர்கள் காத்திருப்புப் போராட்டமாம். காலேஜுல பாடம் நடத்தறவிய. சம்பளம் பத்தலைங்கறாங்க. ஏனுங் தோழரே, நீங்களும் கௌரவத் தலைவராத்தான இருந்தீங்க, உங்க சங்கம் உங்களுக்கு என்ன குடுத்துது?” திருமூர்த்தி சிரித்தான். “கௌரவம்னு முன்னால பேர் வெச்சுட்டாச் சம்பளம் குடுக்கத் தேவையில்லீங்ணா. அதுக்குத்தான அந்தப் பேரே.” சொல்லிவிட்டுக் கத்தியைக் குரல்வளையின் மேல் வைத்தான்.

அந்த இடத்தில்தான் அது வந்தது. கௌரவத் தலைவர். ஹானரரி பிரசிடென்ட். சங்கத்தின் லெட்டர் பேடில் இடது ஓரம் தமிழில், வலது ஓரம் இங்கிலீஷில். மில்லை விட்டு நீக்கிய பிறகு அவர் தொழிலாளி இல்லை, ஆகவே வெறும் தலைவராக இருக்க முடியாது, கௌரவத் தலைவர் என்று போட்டார்கள், சம்பளம் இல்லாத தலைவர். ஹானரரி என்றால் கௌரவம் என்று அன்றைக்குப் பிடித்தது, இன்றைக்கு வரை விடவில்லை. கௌரவமான நோக்கம் என்று தமிழில் நினைத்து ஹானரரி என்று இங்கிலீஷில் எழுதினார். மை இன்டென்ஷன் இஸ் ஹானரரி. என் நோக்கம் சம்பளம் இல்லாதது. குரல்வளை ஒரு தரம் ஏறி இறங்கியது. “எச்சில் முழுங்காதீங்ணா” என்றான் திருமூர்த்தி, “நரம்பு பக்கம்.” முழுங்காமல் எப்படி இருப்பது. என் நோக்கம் ஊதியமற்றது. என் நோக்கம் பேருக்குத்தான். அதிகாரம் இல்லை, கடமையும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை மேடையில் மாலை போட்டால் போதும். ஒரு அம்மா ஆஸ்திரேலியா டிக்கெட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் இதைப் படித்தால் என்ன நினைப்பார். ஹானரபிள். அதுதான் வேண்டியிருந்தது. தெரியாத சொல் இல்லை. தெரிந்த சொல், தெரிந்து விலக்கி வைத்த சொல். ஹானரபிள் ஜட்ஜ், ஹானரபிள் மினிஸ்டர், மாண்புமிகு, மேன்மைதங்கிய, அந்த வர்க்கத்துச் சொல் எதையும் வாயால் சொல்ல மாட்டேன் கையால் எழுத மாட்டேன் என்று வாலிபத்திலேயே முடிவு கட்டியவர். மனுவில் டைப் அடிக்கிறவன் மாண்புமிகு என்று போட்டால் அடித்துவிட்டு ஐயா என்று எழுதுவார். இன்று காலையும் ஹானரபிள் என்று கை முதலில் தொட்டது, தொட்டதும் கறுப்புக் கோட்டு வாசம் அடித்தது, அழித்தார், நம்முடைய சொல்லாகப் போட்டார். உழைக்கும் மக்களின் ஹானரரி. கொள்கையால் கெட்டான் ராக்கியப்பன் என்று ஆறுச்சாமி இருபது வருடமாகச் சொல்லிவருகிறார், அதற்கு இன்றைக்குச் சாட்சியும் கிடைத்தாயிற்று, கிடைத்தது அவருக்குத் தெரியவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

திருத்தி இன்னொன்று அனுப்பலாம். கை துணிக்குள்ளே இருக்கிறது. கையை வெளியே எடுத்தால் திருமூர்த்தி கத்தியை எடுக்க வேண்டும், ஏன் என்று கேட்பான், ஆறுச்சாமி செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார். முதல் பிரசுரத்துக்கு மறுப்புப் பிரசுரம் அடித்த சங்கம் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. பேசாமல் இரு. அந்தம்மா டீச்சர், தப்பான விடைத்தாள் எத்தனை பார்த்திருப்பார், என்ன சொல்ல வந்தான் என்று புரிந்துகொள்வார். புரியும். புரியாமலா. ஒரு தடவை மை லேட் ஹஸ்பெண்ட் என்று அந்தம்மா ராட்ரிக்ஸைப் பற்றிச் சொன்னபோது, கார்டு வேலை, வண்டி தாமதம், மனிதர் வீட்டுக்கு எப்போதும் நேரம் கழித்துத்தான் வந்திருப்பார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, பரவாயில்லைங்க, ரயில்வேக்காரர் எல்லாரும் அப்படித்தான் என்று சொன்னார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், உண்மைதான் மேன், செத்துப்போனவரையும் லேட்டுன்னுதான் சொல்லுவாங்க, அவர் ரெண்டு விதத்துலயும் லேட்டு என்றார். அப்படிச் சிரிக்கிறவர் ஹானரரிக்கும் சிரிப்பார். சிரித்துவிட்டு? சிரித்துவிட்டு விமானம் ஏறலாம். சிரிப்பு வேறு சம்மதம் வேறு, கோட்டுப் போட்டவர்களும் சிரித்தார்கள், போனஸ் கொடுத்தார்களா. பெர்த்தில் என்ன இருக்கிறது. கெவின் அனுப்பி அந்தம்மா காட்டிய படத்தில் பெரிய புல்வெளி, நடுவில் ஒரு நாற்காலி, மனித வாடையே இல்லை. அந்த நாற்காலியில் அந்தம்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தார், யாருக்கு எந்தச் சொல்லைத் திருத்துவார் அங்கே, அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே. இங்கே சந்தில் விளக்கு எரியும், யாருக்காக எரிகிறது என்று தெரியாமல் எரியும். குழாய் சொட்டியது. இடைவெளி. சொட்டியது. பலகையில் செல்போன் ஒரு தடவை அதிர்ந்து பவுடர் டப்பாவை டிக்கென்று இடித்தது. திருமூர்த்தி எட்டிப் பார்த்தான். “ரீசார்ஜ் முடியப்போகுதாமுங்ணா. கம்பெனிக்காரன்.” ஒரு முதலாளி மிச்சம் இருக்கிறானென்றால் அவன் சரியாக இந்த நேரத்துக்குத்தான் வருவான்.

இடது கன்னம் மட்டும் பாக்கி, நுரை காய ஆரம்பித்து இழுத்தது. திருமூர்த்தி மறுபடி பிரஷ்ஷைத் தொட்டியில் நனைக்கப் போனபோது செல்போன் நிஜமாகவே அடித்தது. சங்கத்துக் காலத்து எழுச்சிப் பாட்டு ஒன்றை அதில் ஏற்றி வைத்திருந்தார், சலூன் முழுக்கக் கேட்டது. திருமூர்த்தி ஈரக் கையோடு எடுத்து, “யாரோ பெரில் மேடமாமுங்” என்று சொல்லிக்கொண்டே ஒரு விரலால் அழுத்தினான், ஒன்றை அழுத்த இரண்டு அழுந்தியது, ஸ்பீக்கரில் அந்தம்மாவின் குரல் வந்தது.

“மிஸ்டர் ராக்கி? ஹலோ?”

“மேடம்” என்றார். நுரை நாக்கில் கசந்தது.

“சர்ச் வாசல்லதான் நிக்கறேன். மெசேஜ் பார்த்தேன். ரெண்டு தடவ படிச்சேன். அலோன், லோன்லி ரெண்டும் கரெக்ட். வெரி குட். ஆனா ஹானரரி தப்பு மேன்.”

“தெரியுமுங்க மேடம். இப்பத்தான் தெரிஞ்சுதுங்க. சம்பளம் இல்லாததுன்னு அர்த்தம்.”

“ஆங். நீங்க எழுத வேண்டியது ஹானரபிள்.”

“ஆமாங்க.”

“அது போவட்டும். நான் அதுக்குக் கூப்பிடல. மை இன்டென்ஷன்னு எழுதியிருக்கீங்க, அது எப்படிப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. அது என்னான்னு எழுதவே இல்லையே மேன். முன்ன பின்ன தேடிப் பார்த்தேன். கன்சிடர் பண்ணுன்னு வேற இருக்கு. எத கன்சிடர் பண்றது? கெவின் பதினோரு மணிக்குக் கூப்பிடுவான். அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

ராக்கியப்பன் கண்ணாடியில் பார்த்தார். பாதி முகம் சுத்தமாக, பாதி முகம் வெள்ளையாக ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பின்னால் பெஞ்சில் ஆறுச்சாமி செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செய்தியை மனசுக்குள் ஓட்டினார், டியர் மேடத்திலிருந்து யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி வரைக்கும் ஓட்டினார். இல்லை. அடைமொழி இருக்கிறது, அது ஒட்ட வேண்டிய பொருள் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று இருக்கிறது, நீங்கள் எப்படிப்பட்டவர் என்று இருக்கிறது, என்ன வேண்டும் என்று இல்லை. வாழ்க்கை பூராவும் நோட்டீஸ் எழுதியவன், முதல் வரியில் கோரிக்கை இல்லாத நோட்டீசைக் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதச் சொன்னவன், தன் நோட்டீசில் கோரிக்கையை விட்டுவிட்டான். காலையில் அந்த இடத்துக்கு வந்தபோது என்ன எழுதினோம் என்று யோசித்தார், ஒன்றும் எழுதவில்லை, அந்த இடத்தில் ஒரு வாய் டீ குடித்தார், டீ சுட்டது, அடுத்த வரிக்குப் போய்விட்டார். எந்த அடைமொழி என்று மாதக்கணக்காக உரைத்துப் பார்த்ததெல்லாம் அந்த ஒரு சொல்லிடம் போகாமல் இருக்கத்தானோ என்னவோ.

“கோரிக்கையை வையுங்க தோழரே” என்றார் ஆறுச்சாமி மெதுவாக. கிண்டல்தான், ஆனால் பாதிக் கிண்டல்தான். “கேட்டு நிக்கறது உங்களுக்கென்ன புதுசுங்களா.”

“பக்கத்துல யாரு?” என்றது செல்போன்.

“எதிர்ச்சங்கத்துக்காரருங்க மேடம். சலூன்ல இருக்கறனுங்க. எல்லாருக்கும் கேக்குது.” ஒரு மூச்சு இழுத்தார், மேடையில் மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு, ஆனால் குரல் மேடைக் குரலாக வரவில்லை, எங்கிருந்தோ சின்னதாக வந்தது. “கேட்டாலும் பரவாயில்லீங்க. நீங்க பெர்த்துக்குப் போக வேண்டாமுங்க. இங்கயே இருங்க. என்கூட இருங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, ஊரறிய. அதானுங்க என்ர நோக்கம்.”

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை, பை ஆன்ட்டி என்றாள். பை மை சைல்ட் என்று அந்தம்மா அவளுக்குச் சொன்னார். அப்புறம் ஒன்றும் இல்லை. திருமூர்த்தி போனைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, இருக்காங்க என்று தலையாட்டினான்.

“பெர்த்துல பால் மாத்திரம் நல்லா இருக்குமாம்” என்றார் அந்தம்மா. “அதுக்காக யாராவது போவாங்களா. சரி. கெவினுக்குச் சொல்லிடறேன். மம்மி இஸ் என்கேஜ்டுன்னு.”

சங்க ஆபீசில் ட்ரங்க் கால் போட்ட காலத்திலிருந்து அந்தச் சொல் அவருக்குத் தெரியும். லைன் என்கேஜ்டு. அந்தப் பக்கம் யாரோ வேறு வேலையாக இருக்கிறார்கள். அப்படியானால் போக நேரமில்லை என்று சாக்குச் சொல்லப்போகிறார், நல்லது, ஆனால் சாக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்.

“என்ன வேலைங்க மேடம்?” என்றார். “சொல்லுங்க, நானே வந்து முடிச்சுக் குடுத்தர்றனுங்க.”

செல்போனில் ஒரு பெரிய சிரிப்புக் கிளம்பியது, அதைவிடப் பெரிதாகப் பெஞ்சில் கிளம்பியது. ஆறுச்சாமி தொடையில் அடித்துக்கொண்டார். “அட நிச்சயம் பண்ணியாச்சுன்னு சொல்றாங்க தோழரே. என்கேஜ்மென்ட். ஊருல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருக்கு வேலை வேணுமாம், வேலை.”

“சாயங்காலம் வாங்க மேன்” என்றார் அந்தம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. “பிசிக்கும் என்கேஜ்டுக்கும் வித்தியாசம் சொல்றேன். இன்னிக்கு ஞாயிறு, இருந்தாலும் வாங்க.” போன் நின்றது.

திருமூர்த்தி அதைத் துண்டில் துடைத்துப் பலகையில் வைத்தான். பிரஷ்ஷைச் சுற்றி இடது கன்னத்துக்குப் புது நுரை போட்டான், வழக்கமாகப் போடுவதைவிடக் கூடுதலாகவே போட்டான். ஆறுச்சாமி எழுந்து வாசலுக்குப் போய், ரோட்டைப் பார்த்தபடி, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணுமுன்னா இங்க ஒருத்தன் இருக்கறான், முன்வாசல் வழியாவே வர்றேன் என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். ராக்கியப்பன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கத்தி கன்னத்தில் பட்டது, எடுத்தான், மறுபடி பட்டது, மறுபடி எடுத்தான்.

“தோழர்” என்றான் திருமூர்த்தி. “அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் எறக்கி வைங்க. கன்னம் குழி விழுந்துக்கிட்டு கத்தி நிக்க எடமில்லீங்ணா.”

முயன்று பார்த்தார். இறங்கவில்லை.